பென்குயின் தீவுகளில் ஒரு புகைப்படக்காரர்
பிராங்க் ஹர்லி (1885–1962)

நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் காலை வணக்கத்தைவிடப் பறவைப் படங்கள்தான் அதிகம் வருகின்றன. மொட்டை மாடியில் மைனா, தண்ணீர்த் தொட்டி மேல் மீன்கொத்தி, பால்கனித் துணிக்கொடியில் கூடு கட்டிய தேன்சிட்டு. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதனால் இந்தக் காலாண்டு இதழில், கடற்பறவைகளையும் ஆளரவமற்ற தீவுகளையும் படம் பிடிக்க உலகத்தின் தென்கோடி வரை பல முறை போய் வந்த ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

அவர் பெயர் பிராங்க் ஹர்லி, ஆஸ்திரேலியர். பனிக்கட்டிக்கு நடுவே ஒரு பாய்மரக் கப்பல் பேய்போல வெள்ளையாக நிற்கும் இரவுப் படம் ஒன்றை உங்களில் பலர் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஷாக்கிள்டனின் ‘எண்டூரன்ஸ்’ கப்பல் அது. ஷாக்கிள்டன் பெயர் தெரிந்த அளவுக்கு அந்தப் படத்தை எடுத்தவர் பெயர் நமக்குத் தெரிவதில்லை.

சிட்னியின் கிளீப் பகுதியில் 1885 அக்டோபர் 15 அன்று பிறந்தவர் ஹர்லி. அப்பாவுக்கு அச்சுத் தொழில். பையனுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடி, லித்கோ என்ற ஊரின் இரும்பாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கே மேஸ்திரி ஒருவர் கேமரா பைத்தியம். அந்தப் பைத்தியம் இவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து சிட்னிக்குத் திரும்பி, பகலில் வேலை, இரவில் தொழிற்கல்வி வகுப்பு என்று ஓடினார். பதினேழு வயதில் பதினைந்து ஷில்லிங் விலையுள்ள ஒரு கோடக் பெட்டிக் கேமராவைத் தவணையில் வாங்கினார். வாரம் ஒரு ஷில்லிங் கட்ட வேண்டும்.

அந்தக் காலத்தில் படம் எடுத்துச் சம்பாதிக்க நல்ல வழி தபால் அட்டைதான். ஹர்லி ஒரு தபால் அட்டை நிறுவனத்தில் சேர்ந்து, பிறகு பங்குதாரரும் ஆனார். மற்றவர்கள் கடற்கரையில் நின்று அலையை எடுத்தால், இவர் அலை வந்து மோதும் பாறை மேல் ஏறி நின்று எடுப்பார். வேகமாக வரும் ரயிலை எடுக்க எதிரே போய் நிற்பார். 1910-ல் சிட்னியில் தனிக் கண்காட்சி வைக்கும் அளவுக்குப் பெயர் வந்துவிட்டது. ஆனால் கையில் காசு நிற்கவில்லை.

அடுத்த வருஷம் டக்ளஸ் மாசன் என்ற புவியியல் அறிஞர் அண்டார்டிகாவுக்குப் பயணக் குழு சேர்த்துக்கொண்டிருந்தார். ஹர்லிக்கு அந்தக் குழுவில் புகைப்படக்காரராகப் போயே தீர வேண்டும். மாசன் ஊருக்குக் கிளம்பும் ரயிலில் அதே பெட்டியில் இடம் பிடித்து, வழி முழுக்கப் பேசிப் பேசியே வேலையை வாங்கிவிட்டார் என்று சொல்வார்கள். அதுவரை அவர் கடல் கடந்ததும் இல்லை, பனியைப் பெரிதாகப் பார்த்ததும் இல்லை. வயது இருபத்தாறு.

1911 டிசம்பர் தொடக்கத்தில் ‘அரோரா’ என்ற கப்பல் டாஸ்மேனியாவிலிருந்து கிளம்பியது. அண்டார்டிகாவுக்குப் பாதி வழியில் மக்குவாரி தீவு வரும். டாஸ்மேனியாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 1,500 கிலோமீட்டர். நீளம் 34 கிலோமீட்டர், அகலம் ஐந்து. மரம் ஒன்றுகூடக் கிடையாது, புல்லும் பாசியும் மட்டும்தான். வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் மழையோ தூறலோ இருக்கும். வெயில் வருவதே அபூர்வம். கேமராக்காரனுக்கு இதைவிட மோசமான இடம் வேண்டாம் என்று தோன்றும். ஆனால் ஹர்லி இறங்கிய அந்த டிசம்பர் மாதம் அங்கே கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம்.

கடற்பறவைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அல்பட்ராஸ், பெட்ரல், பென்குயின் போன்றவற்றின் வாழ்க்கையில் பெரும்பகுதி கடலிலேயே கழிகிறது. தரைக்கு வருவது முட்டையிடவும், குஞ்சு வளர்க்கவும், பென்குயின் என்றால் இறகு உதிர்க்கவும் மட்டுமே. தெற்குப் பெருங்கடலில் நிலம் மிகமிகக் குறைவு. அதனால் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் கடலில் சிதறிக் கிடக்கும் பறவைகள் எல்லாம் அந்த ஒரு சில தீவுகளில் வந்து குவிந்துவிடுகின்றன. கல்யாண மண்டபம் பற்றாக்குறையான ஊரில் முகூர்த்த நாள் போல. ராயல் பென்குயின் என்ற வகை மக்குவாரியிலும் அதை ஒட்டிய குட்டித் தீவுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் குஞ்சு பொரிப்பதில்லை.

இன்னொன்று, இந்தத் தீவுகளில் நரி, கீரி, பூனை எதுவும் இயற்கையில் கிடையாது. தரையில் நடந்து வரும் எதற்கும் பயப்பட வேண்டும் என்று அந்தப் பறவைகளுக்குத் தெரியாது. மனிதனைப் பார்த்தால் ஓடாது. ராஜ பென்குயின் நேராக நடந்து வந்து முக்காலியை ஏற இறங்கப் பார்க்கும். ஹர்லியின் படங்களில் பறவைகள் அவ்வளவு அருகில் தெரிவதற்கு இதுதான் காரணம். இன்று நம் ஆட்கள் வைத்திருப்பதுபோல முழங்கை நீள லென்ஸ் அவரிடம் இல்லை. பெரிய மரக் கேமரா, கனமான கண்ணாடித் தகடு, வெளிச்சத்தை மெதுவாகவே உள்வாங்கும் ரசாயனப் பூச்சு. ஒரு படம் எடுத்தால் அடுத்த தகட்டை மாற்றவே நேரம் பிடிக்கும். ஓடுகிற பறவையை அதில் எடுப்பது கஷ்டம். ஓடாத பறவைகள் வாய்த்தது அவருடைய அதிர்ஷ்டம்.

மக்குவாரியில் ஒரு சம்பவம். தீவின் தென்கோடியில் கரோலின் கோவ் என்ற சிறு வளைகுடாவில் படம் எடுத்துவிட்டுக் கப்பல் வடக்குமுனைக்கு வந்த பிறகுதான், முக்கியமான லென்ஸ் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டது ஹர்லிக்குத் தெரிந்தது. கப்பலைத் திருப்பிப் போகச் சொல்ல முடியாது. துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு, சேறும் புல்மேடுமாக இருந்த அந்தத் தீவின் குறுக்கே நடந்தே போய் எடுத்து வந்தார். கால் புண்ணாகிப் போனது. லென்ஸ் கிடைத்துவிட்டது.

அதே தீவில் அவர் கண்ணில் பட்ட இன்னொரு காட்சியையும் சொல்லாமல் விடக் கூடாது. பென்குயின் எண்ணெய் எடுக்கும் தொழில் அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. 1810-ல் தீவு கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே உரோமத்துக்காகச் சீல்களைக் கொன்று முடித்தாகிவிட்டது. பிறகு யானைச் சீல். அதுவும் குறைந்தபோது பென்குயின். நியூசிலாந்து வியாபாரி ஜோசப் ஹேட்சின் ஆட்கள் பெரிய இரும்புக் கொதிகலன்களை நிறுத்தி, பென்குயின்களை அடித்து உள்ளே போட்டு நீராவியில் வேகவைத்து எண்ணெய் இறக்கினார்கள். ஒரு பறவைக்கு அரை லிட்டர் தேறும். மனிதனைப் பார்த்து ஓடாத பறவையாக இருந்தது ஹர்லிக்கு வசதியாக இருந்ததுபோல இவர்களுக்கும் வசதியாக இருந்தது. மாசன் ஊருக்குத் திரும்பிய பிறகு இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். 1919-ல் உரிமம் முடிவுக்கு வந்தது. 1933-ல் மக்குவாரி முழுவதும் வன உயிர்ச் சரணாலயம் ஆனது.

அண்டார்டிகாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாசன் முகாம் போட்ட இடம் கடல் மட்டத்தில் உலகிலேயே அதிகக் காற்று வீசும் இடங்களில் ஒன்று. ஹர்லி வேறு இருவருடன் பனிவண்டி இழுத்துக்கொண்டு தென் காந்த துருவத்தை நோக்கி ஏறக்குறைய 480 கிலோமீட்டர் போய்த் திரும்பினார். வரும் வழியில் உணவு புதைத்து வைத்த இடம் கண்ணில் படாமல் போய், அரைப் பட்டினியில், பனி வெளிச்சத்தில் கண் கூசிப் பார்வை மங்கி வந்து சேர்ந்தார்கள். 1913-ல் அந்தப் பயணத்தின் சலனப் படம் வெளியாகி, ஹர்லியின் பெயர் லண்டன் வரை போனது.

அந்தப் படம்தான் ஷாக்கிள்டனிடம் அவரைக் கொண்டு சேர்த்தது. 1914 அக்டோபரில் பியூனஸ் அயர்ஸில் ஹர்லி எண்டூரன்ஸில் ஏறினார். நவம்பர் 5 அன்று கப்பல் தெற்கு ஜார்ஜியாவின் கிரிட்விக்கன் துறையை அடைந்தது.

தெற்கு ஜார்ஜியா 170 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. இமயத்தை வெட்டிக் கடலில் வைத்ததுபோல நடுவில் பனி மலைத்தொடர், கீழே பச்சைப் புல், கரையில் யானைச் சீலும் பென்குயினும். கிரிட்விக்கனில் 1904 முதல் நார்வேக்காரர்களின் திமிங்கிலத் தொழிற்சாலை இருந்தது. திமிங்கிலக் கழிவைத் தின்ன ஆயிரக்கணக்கில் பெட்ரல் பறவைகள் துறைமுகத்தில் மிதக்கும். நாற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே தங்கிய ஒரு மாதத்தில் ஹர்லி, கப்பலின் கேப்டன் வோர்ஸ்லியையும் துணை அதிகாரி கிரீன்ஸ்ட்ரீட்டையும் கூட்டிக்கொண்டு, பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் பின்னால் இருந்த மலை மேல் ஏறினார். மேலிருந்து எடுத்த படத்தில் வளைகுடா, சுற்றிலும் வெண்மலைகள், அடியில் ஒரு சின்னக் கப்பல். அந்தப் பயணத்தில் அவர் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எல்லாரும் புகழும் அந்த இரவுப் படத்தைவிட.

இரவுப் படத்தின் கதை இது. 1915 ஜனவரியில் எண்டூரன்ஸ் வெடல் கடலின் பனியில் சிக்கியது. மாதங்கள் போயின. ஆகஸ்ட் 27 இரவு, கப்பலைச் சுற்றிப் பனிமேடுகளுக்குப் பின்னால் சுமார் இருபது இடங்களில் மின்னொளி மருந்தை வைத்துக் கொளுத்தி, ஒரே தகட்டில் அந்தப் படத்தை எடுத்தார் ஹர்லி. தொடர்ந்து வெடித்த வெளிச்சத்தில் அவருக்கே கண் தெரியாமல் போய், இருட்டில் பனிக் குழிகளில் தடுக்கி விழுந்தார். தகட்டைக் கழுவப் பனிக்கட்டியை உருக்கித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். குளிரில் விரல் நுனியெல்லாம் வெடித்துப் புண். கப்பல் ஆட்கள் இவருக்கு ‘இளவரசர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பாராட்டினால் குளிர்ந்துவிடுவார் என்பதால் வந்த கேலி. ஆனால் பாய்மரக் கம்பத்தின் நுனியில் கேமராவைக் கட்டிக்கொண்டு தொங்கியபோதும், கப்பலின் சாம்பல் கொட்டும் குழாயை வெட்டி முகாமுக்கு அடுப்பு செய்து கொடுத்தபோதும் அதே ஆட்கள் வாயடைத்துத்தான் நின்றார்கள்.

அக்டோபர் 27 அன்று பனியின் அழுத்தத்தில் கப்பல் நொறுங்கியது. எல்லாரும் பனிமேல் கூடாரம் போட்டார்கள். ஹர்லியின் தகடுகள் கப்பலுக்குள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. சில நாள் கழித்து அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, உடைந்த கப்பலுக்குள் பனிக்கட்டி மிதந்த தண்ணீரில் முங்கி, தகடுகள் இருந்த பெட்டிகளை மேலே கொண்டுவந்தார். ஈயம் வைத்து மூடிய தகரத்துக்குள் இருந்ததால் கெடவில்லை.

அப்புறம்தான் கஷ்டமான வேலை. இனிப் படகிலோ நடந்தோ போக வேண்டும், கனம் குறைக்க வேண்டும். ஷாக்கிள்டனும் ஹர்லியும் பனிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு தகடாக எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுச் சொச்சம் தகடுகளை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய நானூறை அங்கேயே உடைத்துப் போட்டார்கள். பின்னால் மனசு மாறி எடுக்க வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் உடைத்தது. வைத்துக்கொண்டதில் பேஜெட் முறையில் எடுத்த சில வண்ணப் படங்களும் உண்டு. நம்மில் பலர் போனில் இடம் போதவில்லை என்று நூறு படத்தை அழிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கிறோம். பெரிய கேமராக்களும் போயின. மிச்சம் ஒரு சட்டைப்பைக் கோடக் கேமரா, மூன்று ரோல் ஃபிலிம்.

1916 ஏப்ரல் நடுவில், மூன்று படகுகளில் இருபத்தெட்டு பேரும் எலிபண்ட் தீவை அடைந்தார்கள். ஏப்ரல் 24 அன்று ஷாக்கிள்டன் ஐந்து பேருடன் ஒரு படகில் தெற்கு ஜார்ஜியாவுக்கு உதவி தேடிக் கிளம்பினார். அந்தப் படகுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு செய்து கொடுத்தவர் ஹர்லிதான். கிளம்பும் முன், தான் திரும்பாவிட்டால் படங்களையும் சலனப் படத்தையும் வெளியிடும் பொறுப்பு ஹர்லிக்கே என்று அவருடைய நாட்குறிப்பில் ஷாக்கிள்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மீதி இருபத்திரண்டு பேர், இரண்டு படகுகளைக் கவிழ்த்துக் கற்சுவர் மேல் வைத்து, அதன் அடியில் நான்கு மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள்.

சாப்பாடு? பென்குயின், சீல். விறகும் அவற்றின் கொழுப்பும் தோலும்தான். மக்குவாரியில் பென்குயினை ஆசை ஆசையாகப் படம் எடுத்தவர், இப்போது காலையில் எழுந்து இன்று எத்தனை பென்குயின் கரையேறியது என்று எண்ணிப் பார்க்கும் நிலை. எண்ணிக்கை குறைந்தால் அன்று கஞ்சி தண்ணியாகிவிடும். கடைசி நாட்களில் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளையும் கடற்பாசியையும் வேகவைத்துத் தின்றார்கள். பென்குயின் எண்ணெய்த் தொழிலைப் பற்றி மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் பார்த்தால், யாரைக் குறை சொல்வது என்று கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். என் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. பசிக்கு அடித்தது வேறு, பீப்பாய்க் கணக்கில் லாபத்துக்கு அடித்தது வேறு.

மூன்று ரோல் ஃபிலிமில் நாற்பதுக்கும் குறைவான படங்களே எடுத்தார். நாலு மாதத்துக்கு மேல் தங்கிய ஓர் இடத்தில், எதை எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசித்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 30 அன்று சிலி நாட்டின் ‘யெல்ச்சோ’ என்ற சிறு கப்பலில் ஷாக்கிள்டன் வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். தகரப் பெட்டியில் தகடுகளும் பத்திரமாக இருந்தன.

லண்டனுக்குப் போய் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால், சினிமாவுக்கு ஒரு குறை. பனி இருக்கிறது, கப்பல் இருக்கிறது, நாய்கள் இருக்கின்றன. பறவையும் விலங்கும் போதவில்லை. மக்கள் காசு கொடுத்துப் பார்க்க வருவது பென்குயினைத்தான் என்று விநியோகஸ்தர்களுக்குத் தெரியும். இரண்டு வருஷம் சாவோடு மல்லாடி மீண்டவர், 1917 தொடக்கத்தில் மறுபடியும் தெற்கு ஜார்ஜியாவுக்குக் கப்பல் ஏறினார். சுமார் ஒரு மாதம் அங்கே தங்கி யானைச் சீல்களையும் பென்குயின்களையும் கடற்பறவைகளையும் படம் பிடித்தார். 1919-ல் வந்த ‘சவுத்’ படத்தின் பின்பகுதியில் வரும் உயிரினக் காட்சிகள் இவைதான். நாடகம் முடிந்த பிறகு கோமாளி வந்ததுபோல அவை படத்தோடு ஒட்டவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று உலகின் பெரும்பாலானவர்கள் ஒரு பென்குயின் நடப்பதைக் கண்ணால் பார்த்ததே அந்த மாதிரிப் படங்களில்தான்.

இனி ஹர்லியின் மேல் உள்ள பெரிய புகாருக்கு வருவோம். அவர் படங்களை ஒட்டுவார். ஒரு நெகட்டிவ்வில் உள்ள வானத்தை இன்னொரு நெகட்டிவ்வில் உள்ள நிலத்தோடு சேர்த்து அச்சிடுவார். மாசன் முகாமில் ஆட்கள் காற்றில் சாய்ந்து நிற்கும் பிரபலமான பனிப்புயல் படம் அப்படி ஒட்டி உருவானது. எலிபண்ட் தீவில் ஷாக்கிள்டனின் படகு கிளம்பும்போது கையசைத்து வழியனுப்பிய படத்தை, நெகட்டிவ்வில் படகைச் சுரண்டிவிட்டு, மீட்க வந்த நாளின் படம் என்று வெளியிட்டார்கள். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக இருந்தபோதும் இதே வேலை. போர் வரலாறு எழுதிய சார்லஸ் பீன் இவற்றைப் போலி என்றே சொல்லிவிட்டார். ஹர்லி ராஜினாமா வரைக்கும் போனார். போர்க்களத்தில் ஒரே நேரத்தில் நடப்பது எல்லாம் ஒரு தகட்டில் அடங்காது, பார்த்ததைப் பார்த்தபடி உணர வைக்க ஒட்டத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி.

எனக்கு இதில் பீன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. வானத்துக்கு மேகம் சேர்த்ததைக்கூட விட்டுவிடலாம். வழியனுப்பிய கைகளை வரவேற்ற கைகளாக மாற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இருபத்திரண்டு பேர் நான்கு மாதம் காத்திருந்தது இரண்டு கையசைப்புக்கும் நடுவில்தான். வேடிக்கை என்னவென்றால், ஒட்டாத படங்களே இன்று அதிகம் பேசப்படுகின்றன.

1918-ல் கெய்ரோவில் ஆண்டாய்நெட் என்ற இசை நாடகப் பாடகியைச் சில நாட்களே பழகி மணந்துகொண்டார். மூன்று பெண்கள், ஒரு பையன். 1920-களில் பப்புவாவுக்குப் போய்ப் படம் எடுத்தார். அது தனிக் கதை.

தீவுகள் அவரை விடவில்லை. 1929-ல் மாசன் மறுபடியும் அழைத்தார். இந்த முறை கப்பல் ‘டிஸ்கவரி’, முன்பு ஸ்காட் அண்டார்டிகாவுக்குப் போன அதே பழைய மரக்கப்பல். கேப் டவுனிலிருந்து அக்டோபரில் கிளம்பி குரோசே, கெர்கெலன், ஹெர்ட் என்று தீவு தீவாகப் போனார்கள். இவை மூன்றும் நம் இந்தியப் பெருங்கடலின் தெற்கு ஓரத்தில் இருப்பவை. கன்னியாகுமரிக் கரையில் நின்று தெற்கே பார்த்து, சற்று மேற்காகக் கோடு இழுத்தால் ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் ஹெர்ட் தீவு வரும். அங்கே குஞ்சு பொரிக்கும் வில்சன் புயல்பெட்ரல் என்ற பறவை, எடை நாற்பது கிராம் அளவே இருக்கும், அங்கே குளிர்காலமாக இருக்கும் மாதங்களில் நம் அரபிக் கடலுக்கும் வங்கக் கடலுக்கும் வந்து போகிறது.

குரோசேயில் யானைச் சீல்களைக் கொன்று எண்ணெய் எடுப்பது அப்போதும் நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 26 அன்று ஹெர்ட் தீவில் இறங்கினார்கள். பெரும்பகுதி பனி மூடிய எரிமலை ஒன்றுதான் அந்தத் தீவு. உச்சி 2,745 மீட்டர், இன்றும் புகைகிறது. இரண்டு மூன்று நாள் என்று இறங்கியவர்களைக் காற்றும் அலையும் கப்பலுக்குத் திரும்ப விடவில்லை. ஒரு சின்னக் குடிசைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு வாரம் தங்கினார்கள். பறவை அறிஞர் ராபர்ட் ஃபால்லா கூட்டுக்குக் கூடு போய்க் குறிப்பெடுக்க, ஹர்லி கேமராவோடு அலைந்தார். உப்புத் தூறல் லென்ஸில் படியும், துடைத்தால் மறுபடி படியும். கறுப்பு எரிமலை மணல் பறந்து கேமராவின் பற்சக்கரத்துக்குள் புகும். சலனப் படக் கேமராவைக் கையால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும், காற்று முக்காலியையே தள்ளும்.

அடுத்த ஆண்டு இரண்டாவது பயணத்தில் டிசம்பர் மாதம் மறுபடி மக்குவாரி. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அதே கரை. கொதிகலன்கள் துருப்பிடித்து நின்றன. எண்ணெய் எடுத்தவர்கள் போய்விட்டார்கள். ராஜ பென்குயின் கூட்டத்தையும், பழுப்புக் கம்பளி போர்த்தியதுபோல நிற்கும் அதன் குஞ்சுகளையும் அங்கே நிறைய எடுத்தார். இந்தக் குஞ்சுகளைப் பழைய காலத்தில் வேறு ஒரு பென்குயின் இனம் என்றே நினைத்திருந்தார்கள். குஞ்சு வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆவதால், ஒரு ஜோடி மூன்று வருஷத்தில் இரண்டு குஞ்சுகளுக்கு மேல் வளர்க்க முடியாது. வருஷத்துக்குப் பல்லாயிரம் பறவைகளைக் கொதிகலனில் போட்ட தொழில் நிற்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இதை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மக்குவாரிக்கு அதோடு தொல்லை தீரவில்லை. எண்ணெய்க்காரர்கள் கொண்டுவந்து விட்ட பூனை, முயல், எலி எல்லாம் பெருகிப் புல்லையும் கூடுகளையும் நாசம் செய்தன. பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு 2014-ல்தான் தீவு அவற்றிலிருந்து விடுபட்டது என்று அறிவித்தார்கள். இன்று மக்குவாரியும் ஹெர்ட் தீவும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். ஆய்வாளர்கள் தீவு முன்பு எப்படி இருந்தது என்று பார்க்கப் பழைய படங்களைத்தான் தேடுகிறார்கள். தபால் அட்டைக்காரர் எடுத்த படங்களுக்கு இப்படி ஒரு உபயோகம் வரும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

பிற்காலத்தில் ஹர்லி சினிமா ஒளிப்பதிவு, இரண்டாம் உலகப் போரில் மத்தியக் கிழக்கு, அப்புறம் ஆஸ்திரேலிய ஊர்களைப் பற்றிய படப் புத்தகங்கள் என்று ஓயாமல் வேலை செய்தார். எழுபது வயதைத் தாண்டியும் கனமான கேமராப் பையோடு மலையேறினார். 1962 ஜனவரியில் ஒரு நாள் படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், உடம்பு சரியில்லை என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். படுக்கைக்குப் போக மறுத்துவிட்டார். மறுநாள், ஜனவரி 16 அன்று காலமானார். வயது எழுபத்தாறு.

எண்டூரன்ஸ் கப்பல் 2022 மார்ச் மாதம் வெடல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்புறத்தில் பெயர் எழுத்துக்கள் அப்படியே இருந்தன. ஹர்லி பனியிலிருந்து மீட்டு வந்த தகடுகளின் படங்கள் லண்டன் ராயல் புவியியல் சங்கத்திலும், சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்திலும், ஆஸ்திரேலிய தேசிய நூலகத்திலும் இருக்கின்றன. இரண்டு நூலகங்களின் இணையதளத்திலும் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் நூற்றுக்கணக்கான படங்களை இலவசமாகப் பார்க்கலாம். போனில் பார்க்காதீர்கள். வீட்டில் பெரிய திரை இருந்தால் அதில் போட்டு, பிள்ளைகளையும் உட்கார வைத்து, தெற்கு ஜார்ஜியா மலை மேலிருந்து எடுத்த அந்தப் படத்திலிருந்து தொடங்குங்கள்.